அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேரவில்லையா? வீட்டுக் கணினியில் சரிபார்க்க வேண்டியவை

பணி ஓய்வுபெற்ற ஒருவர் சிறுகதைப் போட்டிக்குக் கதை அனுப்ப நினைக்கிறார். இணையத்தில் வந்த அறிவிப்பின் கீழே ஏற்பாட்டாளரின் மின்னஞ்சல் முகவரி நீல எழுத்தில் இருக்கிறது. அதைச் சொடுக்குகிறார். வழக்கமாகப் பார்க்கும் ஜிமெயில் பக்கம் வரவில்லை; வேறு ஏதோ ஒரு செயலி திறக்கிறது. எழுதுவதற்கு இடம் இருக்கிறது. ‘செண்ட்’ பொத்தானும் இருக்கிறது. கதையை இணைத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக எழுந்துகொள்கிறார்.

மூன்று வாரங்கள் கழித்து, கதை கிடைத்ததாக ஒரு வரிகூட வரவில்லையே என்று மகளிடம் சொல்கிறார். மகள் கணினியைத் திறந்து பார்த்தால், கதை வீட்டைவிட்டுப் போகவே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ அமைத்துக் கொடுத்த செயலியின் ‘அவுட்பாக்ஸ்’ பகுதியில் அது அப்படியே கிடக்கிறது. போட்டியின் இறுதி நாளும் கடந்துவிட்டது.

காட்சி கற்பனைதான், சிக்கல் பல வீடுகளில் உள்ளதுதான். தமிழ்மொழி விழாவையொட்டி நடக்கும் போட்டிகளுக்குப் படைப்பு அனுப்புவோர், நகர மன்றத்துக்குப் புகார் எழுதுவோர், பிள்ளையின் பள்ளிக்குக் கடிதம் அனுப்பும் பெற்றோர், வேலைக்கு விண்ணப்பிப்போர் என எல்லாருக்கும் இது நேரலாம். பெரும்பாலும் காரணம் ஒரே ஓர் அமைப்பு. மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் எந்தச் செயலி திறக்க வேண்டும் என்று கணினியில் பதிவாகியிருக்கும் தேர்வு அது. ஆங்கிலத்தில் அதை ‘டிஃபால்ட்’ என்கிறார்கள்.

அந்தத் தேர்வை மாற்றப் பத்து நிமிடங்கள் போதும். கணினிப் பழுது பார்ப்பவரிடம் பணம் கொடுக்க வேண்டிய வேலை அன்று.

கணக்கு வேறு, செயலி வேறு

குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். ஜிமெயில், அவுட்லுக், யாஹூ போன்றவற்றில் நாம் வைத்திருப்பது மின்னஞ்சல் கணக்கு. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அஞ்சல் பெட்டி இருக்கிறதல்லவா? அதைப் போன்றது கணக்கு. நம் கடிதங்கள் அந்த நிறுவனத்தின் கணினிகளில், நம் பெயருக்குரிய பெட்டியில் இருக்கின்றன.

அந்தப் பெட்டியைத் திறக்கும் வழிதான் செயலி. குரோம், எட்ஜ் போன்ற உலாவியில் ஜிமெயில் பக்கத்துக்குச் சென்று படிப்பது ஒரு வழி. அவுட்லுக், தண்டர்பேர்ட், ஆப்பிளின் மெயில் போன்ற செயலிகளைக் கணினியில் நிறுவி, அவற்றின் வழியாகப் படிப்பது இன்னொரு வழி. ஒரே கணக்கை இரண்டு வழிகளிலும் பார்க்கலாம்.

மைக்ரோசாஃப்ட்டின் ‘அவுட்லுக்’ என்ற பெயர் கணக்குக்கும் இருக்கிறது, செயலிக்கும் இருக்கிறது. அவுட்லுக் செயலி திறந்ததும், தமக்கு அவுட்லுக் கணக்கு இல்லையே என்று சிலர் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். பிறகு கடிதங்கள் எந்த முகவரிக்கு வருகின்றன என்பதே தெரியாமல் போகிறது. அவுட்லுக் செயலியில் ஜிமெயில் கணக்கையும் சேர்க்கலாம். அதற்காகப் புதுக் கணக்கு தேவையில்லை.

நீல எழுத்தைச் சொடுக்கினால் நடப்பது என்ன?

இணையப் பக்கங்களில் உள்ள மின்னஞ்சல் முகவரிகளின் பின்னால் ‘மெயில்டு’ எனப்படும் ஒரு கட்டளை இருக்கும். ‘இந்த முகவரிக்குக் கடிதம் எழுத ஒரு பக்கத்தைத் திற’ என்பதே அதன் பொருள். உலாவி அதை விண்டோஸிடம் தருகிறது. இத்தகைய கட்டளை வந்தால் எந்தச் செயலியைத் திறப்பது என்று விண்டோஸ் தன் பட்டியலைப் பார்க்கிறது. பட்டியலில் உள்ள பெயர் எதுவோ, அதுவே திறக்கும்.

வீட்டில் உள்ளவர் தினமும் எதைப் பயன்படுத்துகிறார் என்று விண்டோஸ் கவனிப்பதில்லை. பட்டியலில் உள்ள பெயரை மட்டுமே பார்க்கிறது. கணினியை வாங்கியபோது உடன் வந்த செயலியின் பெயரே பலருடைய பட்டியலில் இன்னமும் இருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் உடன் வந்தது. விஸ்டாவில் அது விண்டோஸ் மெயில் ஆனது. விண்டோஸ் 10இல் ‘மெயில்’, ‘கேலண்டர்’ என்ற இரண்டு செயலிகள் உடன் வந்தன. அவற்றுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31ஆம் தேதியுடன் நிறுத்தியது. அதன் பிறகு அவற்றின் வழியாகக் கடிதம் அனுப்பவோ பெறவோ முடியாது. அவற்றின் இடத்தைப் புதிய அவுட்லுக் எடுத்துக்கொண்டது.

பழைய மெயில் செயலியை நம்பியிருந்த வீடுகளில், ‘நேற்றுவரை வேலை செய்தது, இன்று வேறு எதுவோ திறக்கிறது’ என்ற பேச்சு எழுந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய காரணம் இது.

அறிகுறியும் காரணமும்

சிக்கல் எப்படித் தெரிகிறது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

முகவரியைச் சொடுக்கினால் எதுவுமே நடக்கவில்லை என்றால், பட்டியலில் உலாவியின் பெயர் இருக்கலாம். ஆனால் எந்த மின்னஞ்சல் பக்கத்தைத் திறப்பது என்று உலாவிக்குச் சொல்லப்பட்டிருக்காது.

மின்னஞ்சல் செயலி எதுவும் இணைக்கப்படவில்லை என்ற பொருளில் செய்தி வந்தால், பட்டியலில் இருந்த செயலி நீக்கப்பட்டிருக்கலாம்.

கணக்கைச் சேர்க்கும்படி கேட்கும் வரவேற்புப் பக்கம் திறந்தால், இதுவரை பயன்படுத்தாத செயலி பட்டியலில் இருக்கிறது. அவசரப்பட்டு அதில் மின்னஞ்சல் முகவரியையும் மறைச்சொல்லையும் நிரப்ப வேண்டாம். முதலில் பட்டியலை மாற்றிப் பார்க்கலாம்.

கடிதம் ‘அவுட்பாக்ஸ்’ பகுதியில் தங்கினால், செயலி திறக்கிறது. ஆனால் அதில் உள்ள கணக்கு வேலை செய்யவில்லை. அல்லது இணைப்புக் கோப்பு அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது.

கடிதம் போகிறது, பதில் மட்டும் வருவதில்லை என்றால் அதுவே ஆக மோசமான நிலை. கடிதம் பழைய முகவரியிலிருந்தோ, குடும்பத்தில் வேறொருவரின் முகவரியிலிருந்தோ போயிருக்கலாம். பதில் அந்தப் பெட்டிக்கே வரும். அதை யாரும் திறந்து பார்க்காவிட்டால் வந்ததே தெரியாது.

விண்டோஸ் 11இல் மாற்றும் முறை

வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பட்டியல்கள் தெரியும் என்பதால் அந்தப் பெயர்களே இங்குத் தரப்படுகின்றன.

‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தி, ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குச் செல்லவும். இடப்பக்கத்தில் ‘ஆப்ஸ்’ என்பதையும், பின்னர் ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ என்பதையும் தேர்ந்தெடுக்கவும். மேலே, கோப்பு வகை அல்லது லிங்க் வகையைத் தட்டச்சு செய்வதற்கான கட்டம் ஒன்று இருக்கும். அதில் எம், ஏ, ஐ, எல், டி, ஓ ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டச்சு செய்தால் ‘மெயில்டு’ என்ற வரி தோன்றும்.

அந்த வரியில் இப்போது பதிவாகியுள்ள செயலியின் பெயர் தெரியும். அதை அழுத்தினால் வேறு தேர்வுகள் வரும். கணினியில் நிறுவிய செயலியைப் பயன்படுத்துவோர் அதன் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். ஜிமெயிலை உலாவியில் பார்ப்பவர்கள் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றில் தாங்கள் பயன்படுத்தும் உலாவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ‘செட் டிஃபால்ட்’ பொத்தானை அழுத்தினால் போதும்.

தேவையான செயலியின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், அது சரியாக நிறுவப்படவில்லை என்று கொள்ளலாம். அதை நீக்கிவிட்டு, அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மீண்டும் நிறுவுவது நல்லது.

விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு

இதில் வேலை இன்னும் எளிது. ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ என்று சென்றால், ‘இமெயில்’ என்ற தலைப்பு மேலேயே இருக்கும். அதன் கீழுள்ள செயலியை அழுத்தி வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

விண்டோஸ் 10இல் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு கணினிப் புதுப்பிப்புக்குப் பிறகோ புதிய மென்பொருளை நிறுவிய பிறகோ, செயலித் தேர்வு மீட்டமைக்கப்பட்டதாக ஓரத்தில் ஓர் அறிவிப்பு வந்து மறையும். அதைக் கவனிக்காமல் விட்டால், பழைய தேர்வு போய்விட்டது தெரியாது. புதுப்பிப்புக்குப் பின் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. அத்தகைய கணினியில் முக்கியக் கடிதங்களைத் திறந்து படிப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஜிமெயிலை உலாவியில் பார்ப்பவர்கள்

இவர்கள் இரண்டு இடங்களில் சொல்ல வேண்டும். விண்டோஸிடம் ‘உலாவியைத் திற’ என்று சொன்னது முதல் படி. உலாவியிடம் ‘ஜிமெயிலைத் திற’ என்று சொல்வது இரண்டாம் படி. பலர் முதல் படியோடு நின்றுவிடுவதால்தான் சொடுக்கினாலும் எதுவும் நடப்பதில்லை.

குரோமில் ஜிமெயில் பக்கத்தைத் திறந்தால், முகவரிப் பட்டையின் வலப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு சாய்சதுரங்கள் போன்ற சிறிய குறி தெரியும். அதை அழுத்தினால், மின்னஞ்சல் லிங்க்குகளை ஜிமெயிலே திறக்கலாமா என்று குரோம் கேட்கும். ‘அலவ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ‘டன்’ அழுத்தவும்.

அந்தக் குறி தெரியாவிட்டால், முன்பு எப்போதோ ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருக்கலாம். குரோமின் மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘அடிஷனல் பெர்மிஷன்ஸ்’, ‘புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ்’ என்று வரிசையாகச் செல்ல வேண்டும். இணையத்தளங்கள் இந்த அனுமதியைக் கேட்கலாம் என்ற தேர்வு அங்கே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். தடுக்கப்பட்டவற்றின் பட்டியலில் ஜிமெயில் இருந்தால் அதை நீக்கிவிட்டு, ஜிமெயில் பக்கத்தை மீண்டும் திறக்கவும்.

எட்ஜ் உலாவியிலும் இதே போன்ற அமைப்பு உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தின் ‘ஜெனரல்’ பிரிவில் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்ற பட்டியல் இருக்கும். அதில் ‘மெயில்டு’ வரியைத் தேடி, பக்கத்தில் ஜிமெயிலைத் தேர்ந்தெடுக்கலாம்.

உலாவியில் பார்ப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஒரு வரம்பு உண்டு. கணினியில் உள்ள ஒரு படத்தின் மீது மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘செண்ட் டு’ பட்டியலில் ‘மெயில் ரெசிப்பியண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறை, கணினியில் நிறுவப்பட்ட செயலிகளுக்காக உருவானது. உலாவியில் உள்ள ஜிமெயிலுக்கு அது பொருந்தாது. ஜிமெயில் பக்கத்தைத் திறந்து, காகித ஊக்குக் குறியை அழுத்திப் படத்தை இணைப்பதே வழி.

மேக் கணினியில்

ஆப்பிள் கணினிகளில் இந்தத் தேர்வு மெயில் செயலிக்குள்ளேயே இருக்கிறது. வேறு செயலியைப் பயன்படுத்துபவரும் மெயிலைத் திறந்துதான் மாற்ற வேண்டும். மேலே ‘மெயில்’ என்ற பெயரை அழுத்தி, ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்றால், ‘ஜெனரல்’ பிரிவில் ‘டிஃபால்ட் இமெயில் ரீடர்’ என்ற வரி இருக்கும். பழைய மேக் கணினிகளில் ‘செட்டிங்ஸ்’ என்பதற்குப் பதிலாக ‘பிரிஃபரன்சஸ்’ என்று இருக்கும்.

மெயில் செயலி முதலில் ஒரு கணக்கைச் சேர்க்கும்படி கேட்டால், வேறு வழியும் உண்டு. தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற செயலிகள் பலவற்றின் அமைப்புப் பக்கத்திலேயே, தம்மை டிஃபால்ட் செயலியாக்கும் தேர்வு இருக்கும்.

மாற்றியதைச் சோதிப்பது எப்படி?

விண்டோஸ் குறியுள்ள விசையையும் ஆர் விசையையும் ஒன்றாக அழுத்தினால் ‘ரன்’ என்ற சிறு பெட்டி வரும். அதில் முன்பு சொன்ன அதே ஆறு எழுத்துகளையும், அவற்றை ஒட்டி முக்காற்புள்ளியையும் தட்டச்சு செய்து ‘என்டர்’ அழுத்தவும். எந்தச் செயலியில் கடிதம் எழுதும் பக்கம் திறக்கிறதோ, அதுவே கணினியின் இப்போதைய தேர்வு.

அந்தப் பக்கத்திலிருந்து தமக்கே ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்க வேண்டும். அனுப்புநர் முகவரி சரியாக உள்ளதா, ‘செண்ட்’ அழுத்திய பின் ‘செண்ட் ஐட்டம்ஸ்’ அல்லது ‘செண்ட்’ பகுதியில் அந்தக் கடிதம் இருக்கிறதா, கைப்பேசியில் அது வந்து சேர்ந்ததா என்ற மூன்றையும் பார்த்துக்கொண்டால் சோதனை முடிந்தது.

ஒரே கணினியைக் குடும்பத்தில் பலர் பயன்படுத்தினால், விண்டோஸில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வைப்பது நல்லது. இந்தத் தேர்வு ஒவ்வொரு பயனருக்கும் தனியாகப் பதிவாகும். தாத்தாவின் கடிதம் பேரனின் முகவரியிலிருந்து போகும் நிலை அப்போது வராது.

மறைச்சொல் சரி, ஆனாலும் ஏற்கவில்லை

பழைய அவுட்லுக் போன்ற செயலிகள் மறைச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்பதுண்டு. சரியான மறைச்சொல்லைத் தட்டச்சு செய்தாலும் ஏற்காது. மறைச்சொல் திருடப்பட்டுவிட்டதோ என்று பயந்து அதை மாற்றுவோரும் உள்ளனர். மாற்றினாலும் சிக்கல் தீர்வதில்லை.

காரணம் வேறு. செயலிகள் மறைச்சொல்லை மட்டும் கொடுத்து உள்ளே நுழையும் பழைய முறையை நிறுவனங்கள் பாதுகாப்பு கருதிக் கைவிட்டன. கூகல் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30ஆம் தேதி அதை நிறுத்தியது. அவுட்லுக், ஹாட்மெயில் தனிநபர் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16ஆம் தேதி நிறுத்தியது. புதிய முறையில், கூகலின் அல்லது மைக்ரோசாஃப்ட்டின் சொந்த நுழைவுப் பக்கம் திறக்கும். அங்கே அடையாளத்தை உறுதிப்படுத்திய பிறகே செயலிக்கு அனுமதி கிடைக்கும்.

எனவே, செயலியில் உள்ள கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே பல நேரங்களில் தீர்வு. சேர்க்கும்போது ‘கூகல்’ என்ற தேர்வு இருந்தால் அதையே எடுக்க வேண்டும். செயலி மிகப் பழையது, புதிய முறை அதற்குத் தெரியாது என்றால் செயலியை மாற்றுவது நல்லது. ஜிமெயிலில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கியிருப்பவர்கள், அத்தகைய செயலிக்கென 16 எழுத்துகள் கொண்ட தனி மறைச்சொல்லைக் கூகல் கணக்குப் பக்கத்தில் உருவாக்கவும் வழி உண்டு.

கணக்கை நீக்கும் முன்பு ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ‘ஐமேப்’ முறையில் அமைந்த கணக்கில் கடிதங்கள் நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கும். செயலியிலிருந்து கணக்கை நீக்கினாலும் அவை அழியா. ‘பாப்’ எனும் பழைய முறையில், கடிதங்களைக் கணினிக்கு இறக்கிவிட்டு நிறுவனத்தின் பெட்டியிலிருந்து அழித்துவிடும்படி அமைத்திருக்கலாம். அப்படியானால் பல ஆண்டுக் கடிதங்கள் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கும். உலாவி வழியாக உள்ளே சென்று, பழைய கடிதங்கள் அங்கேயும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். இல்லையென்றால், பிரதி எடுத்து வைக்காமல் எதையும் நீக்கக்கூடாது. கடிதங்கள் நிரந்தரமாகத் தொலைந்துபோகக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

புதிய அவுட்லுக்கில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால், கடிதங்களின் பிரதி மைக்ரோசாஃப்ட்டின் மேகக் கணினியிலும் சேமிக்கப்படும். சேர்க்கும்போது செயலி அதைத் தெரிவித்து அனுமதி கேட்கும். படித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். அதை விரும்பாதவர்களுக்கு, மோசில்லா நிறுவனத்தின் இலவசச் செயலியான தண்டர்பேர்ட் அல்லது உலாவியிலேயே ஜிமெயில் என வேறு வழிகள் உண்டு.

தேங்கிய கடிதத்தை மீட்பது

எதையும் மாற்றும் முன், திறந்துகொண்டிருந்த பழைய செயலிக்குள் ஒருமுறை சென்று ‘அவுட்பாக்ஸ்’, ‘டிராஃப்ட்ஸ்’ ஆகிய இரண்டு பகுதிகளையும் பார்ப்பது அவசியம். அனுப்பிவிட்டதாக நினைத்த கடிதங்கள் அங்கே கிடக்கலாம்.

பழைய அவுட்லுக்கில் ‘வொர்க் ஆஃப்லைன்’ என்ற தேர்வு தெரியாமல் அழுத்தப்பட்டிருந்தால், எந்தக் கடிதமும் வெளியே போகாது. ‘செண்ட் / ரிசீவ்’ பகுதியில் அதை நிறுத்தினால் தேங்கியவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகத் தொடங்கும். ஆனால், ஆறு மாதத்துக்கு முந்தைய கடிதங்களும் இப்போது போய்ச் சேரும் என்பதை மறந்துவிடக்கூடாது. தேவையற்றவற்றை முதலில் அழித்துவிடலாம்.

ஜிமெயிலில் இணைப்புக் கோப்புகளின் மொத்த அளவு 25 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது. கைப்பேசியில் எடுத்த படங்கள் பலவற்றை ஒரே கடிதத்தில் இணைத்தால் அந்த வரம்பு எளிதில் மீறப்படும். அவற்றை இரண்டு, மூன்று கடிதங்களாகப் பிரித்து அனுப்பலாம்.

சிக்கிய கடிதத்தை மீண்டும் அனுப்பவே முடியவில்லை என்றால், அதைத் திறந்து, எழுதியதை நகலெடுத்து, உலாவியில் புதிய கடிதமாக ஒட்டி அனுப்புவதே விரைவான வழி.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தால்

செயலி மாறும்போது தமிழ்க் கடிதங்கள் சிதைவதும் உண்டு. யூனிகோட் பரவலாவதற்கு முன்பு தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அந்த வேற்றுமையே முக்கியமாக அலசப்பட்டது. அக்கால எழுத்துருக்களில் எழுதிய கடிதங்கள் இன்றைய செயலிகளில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். கடிதம் கெட்டுவிடவில்லை. பழைய குறியீட்டை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள் மூலம் அவற்றைப் படிக்கலாம்.

இப்போது எழுதும் கடிதம் மறுமுனையில் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், அனுப்பும் செயலியின் குறியீட்டு அமைப்பைப் பார்க்க வேண்டும். பழைய அவுட்லுக்கில் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று சென்றால், அனைத்துலக அமைப்புகள் பகுதியில், அனுப்பும் கடிதங்களுக்கு ‘யூனிகோட் யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

போட்டிக்குக் கதை, கவிதை அனுப்புவோர் யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்வதும், விதிமுறை அனுமதித்தால் பிடிஎஃப் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்புவதும் பாதுகாப்பானது.

உதவி தேடும்போது ஏமாற வேண்டாம்

இந்தச் சிக்கலில் உண்மையான ஆபத்து, கடிதம் போகாமல் இருப்பதைவிட, அதைச் சரிசெய்ய யாரை நாடுகிறோம் என்பதில் இருக்கிறது. மின்னஞ்சல் நிறுவனத்தின் உதவி எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வரும் எண்ணை அழைத்து ஏமாறுவது தொழில்நுட்ப உதவி மோசடிகளில் பழகிப்போன ஒரு வழி.

எதிர்முனையில் இருப்பவர் பொறுமையாகப் பேசுவார். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார். பிறகு, கணினியில் கிருமி புகுந்துவிட்டது என்றோ, வங்கிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றோ பேச்சு மாறும். அதற்குள் திரை அவர் கையில் இருக்கும்.

மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. திரையில் எண்ணுடன் எச்சரிக்கை வந்தால் அது போலி என்றே முடிவு செய்யலாம். செயலித் தேர்வை மாற்ற யாருக்கும் சிங்பாஸ் விவரங்களோ வங்கி மறைச்சொல்லோ தேவைப்படாது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது.

ஓர் அழைப்போ செய்தியோ மோசடியா என்ற சந்தேகம் வந்தால், ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணான 1799ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால், உடனே வங்கியைத் தொடர்புகொண்டு கணக்கை முடக்கச் சொல்லிவிட்டுக் காவல்துறையில் புகார் அளிக்க வேண்டும்.

நேரில் உதவி தேவைப்படும் மூத்தோர், சமூக மன்றங்கள், பொது நூலகங்கள் சிலவற்றில் செயல்படும் எஸ்ஜி டிஜிட்டல் சமூக மையங்களை நாடலாம். கைப்பேசி, இணையம் தொடர்பான அடிப்படைத் திறன்களை மின்னிலக்கத் தூதர்கள் அங்கே நேரில் கற்றுத் தருகின்றனர். போவதற்கு முன், திரையில் வரும் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் விளக்குவது எளிது.

சுருக்கமாக

1. பழைய செயலியின் ‘அவுட்பாக்ஸ்’, ‘டிராஃப்ட்ஸ்’ பகுதிகளில் கடிதங்கள் தேங்கியுள்ளனவா என்று பார்க்கவும்.

2. ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ பகுதியில் ‘மெயில்டு’ அல்லது ‘இமெயில்’ வரியில், தினமும் பயன்படுத்தும் செயலியை அல்லது உலாவியைத் தேர்ந்தெடுக்கவும்.

3. உலாவியில் ஜிமெயில் பார்ப்பவர்கள், உலாவிக்குள்ளும் ஜிமெயிலுக்கு அனுமதி தரவும்.

4. தமக்கே ஒரு கடிதம் அனுப்பி, அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்கவும்.

5. உலாவியில் பழைய கடிதங்கள் தெரிவதை உறுதிசெய்யாமல், செயலியிலிருந்து எந்தக் கணக்கையும் நீக்க வேண்டாம்.

6. தேடலில் கிடைத்த உதவி எண்ணை அழைக்க வேண்டாம். முன்பின் தெரியாதவரிடம் கணினியின் கட்டுப்பாட்டைத் தர வேண்டாம்.

இறுதி நாள் உள்ள எந்தக் கடிதத்தையும் இரண்டு, மூன்று நாள்களுக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது. கிடைத்ததாகப் பதில் வராவிட்டால், ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதில் தவறில்லை. கடிதம் ‘அவுட்பாக்ஸ்’ பகுதியில் கிடந்தாலும், அதை மீண்டும் அனுப்ப அப்போது நேரம் இருக்கும்.